கேபினட்டுக்குள் பிளாஸ்மா பந்து: ஒரு கணினி அலங்காரத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு வந்த கணினி ஒரு நண்பருடையது. பழைய டவர் கேபினட். முன்பக்கத்தில் மேலே, டிவிடி டிரைவ் செருகும் 5.25 அங்குல அறைகள் மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். டிவிடி வழக்கொழிந்தபின் மூன்றும் காலியாகக் கிடந்தன. அந்த இடத்தில் யுஎஸ்பியில் ஓடும் 3 அங்குலப் பிளாஸ்மா பந்து ஒன்றைப் படுக்கவைத்து, முன்னால் ஒரு அக்ரிலிக் தகடு பொருத்தி, தகட்டின் ஓரத்தில் பளபளப்பான குரோம் டேப்பும் ஒட்டியிருந்தார். பந்தின் வயர் முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகப்பட்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒளிக்கீற்றுகள் கேபினட்டின் நெற்றியில் நெளிந்துகொண்டிருக்கும். எத்தனை எல்இடி பட்டைகள் ஒட்டினாலும் இந்த உயிரோட்டம் வராது. எல்இடி நாம் சொன்னபடி நிறம் மாறும். பிளாஸ்மா பந்தின் கீற்று எந்த நொடியில் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பந்து எரியும்போதெல்லாம் கணினியில் மூன்று கோளாறுகள். ஒன்று, மவுஸ் திடீரென்று துண்டிக்கப்பட்டு மறுபடி இணையும். பென் டிரைவில் கோப்பு நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடும். இரண்டு, முன்பக்க ஃபேனின் வேகம் திரையில் தாறுமாறாகக் குதிக்கும். ஃபேன் என்னவோ சீராகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று, ஹெட்ஃபோனில் ஓயாத இரைச்சல், இடையிடையே பொரிகிற சத்தம். பந்தை அணைத்த மறுகணம் மூன்றும் மறைந்துவிடும்.

நண்பர் பந்தைத் தூக்கிப் போடத் தயாராக இல்லை. எனக்கும் அது சரியாகப் படவில்லை. இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான், பந்தைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால்.

பந்துக்குள் நடப்பது

பிளாஸ்மா பந்தின் வேர் நிகோலா டெஸ்லா வரை போகிறது. ஒற்றை மின்முனை கொண்ட கண்ணாடிக் குமிழுக்கு உயர் அதிர்வெண் மின்சாரம் கொடுத்து ஒளிரவைக்கும் விளக்குக்கு 1894ல் அவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பார்க்கும், பல வாயுக்கலவைகளால் கீற்று காட்டும் வடிவம் 1970களிலும் 80களிலும் உருவானது.

உள்ளே இருப்பது நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் போன்ற மந்த வாயுக்களின் கலவை. நடுவில் ஒரு சிறு உருண்டை, அதுதான் மின்முனை. அடித்தளத்தில் இருக்கும் சின்னச் சர்க்யூட் 5 அல்லது 12 வோல்ட் நேர்மின்சாரத்தை (டிசி) வாங்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் சில ஆயிரம் வோல்ட்டாக மாற்றி அந்த உருண்டைக்கு அனுப்புகிறது. அதிர்வெண் பெரும்பாலும் 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். வாயு அயனியாகி, மெல்லிய பாதைகளில் மின்சாரம் பாய, அந்தப் பாதைகளே நமக்குக் கீற்றுகளாகத் தெரிகின்றன.

சரி, மின்சாரம் கண்ணாடி வரை வந்துவிட்டது. அப்புறம் எங்கே போகிறது? கண்ணாடி மின்கடத்தாப் பொருள். நேர்மின்சாரமாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். உயர் அதிர்வெண் மாறுமின்சாரத்துக்குக் கண்ணாடி ஒரு கெபாசிட்டரின் இரு தகடுகளுக்கு நடுவே இருக்கும் மின்கடத்தாப் படலம் மாதிரி வேலை செய்கிறது: உள்ளே வாயு ஒரு தகடு, வெளியே உங்கள் விரலோ, எர்த் ஆன உலோகமோ, அறையின் சுவரோ இன்னொரு தகடு. மின்னோட்டம் அதன் வழியே வெளியேறி, சுற்றுப்புறம் முழுக்கச் சுற்றி, பந்தின் சர்க்யூட்டுக்கே திரும்ப வருகிறது. விரலை வைத்ததும் கீற்று தடித்து ஓடி வருவது இதனால்தான். விரல் அந்த மின்னோட்டத்துக்கு எளிய வழி காட்டுகிறது.

ஆக, கண்ணாடியைத் தாண்டி வெளியே பரவும் மின்புலம்தான் அந்த அழகையே உண்டாக்குகிறது. மவுஸையும் ஃபேன் அளவீட்டையும் கலைத்ததும் அதே புலமும் அதை உண்டாக்கும் சர்க்யூட்டும்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் புலம் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை நாம் முடிவு செய்யலாம். பந்து வைக்கும் இடத்தை முதலில் அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பார்வைக்கு எது நன்றாக இருக்கும் என்ற கேள்வி அதற்கு அடுத்ததுதான். இந்த வேலை முழுவதும் எனக்கு அதைத்தான் உறுதிப்படுத்தியது.

எந்தக் கோளாறு எந்த வழியாக

மூன்று கோளாறும் ஒரே பந்தால் வந்தவை என்பதால் ஒரே காரணம் என்று எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: பந்தின் இடத்தையும் அதன் மின்சாரத்தையும் தனித்தனியாக மாற்றிப் பார்ப்பது.

முதலில் பந்தைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்துக் கை நீளத் தூரத்தில் வைத்து, மின்சாரம் மட்டும் அதே முன்பக்க போர்ட்டிலிருந்து கொடுத்தோம். ஃபேன் வேகம் சரியாகக் காட்டியது. ஹெட்ஃபோன் இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. மவுஸ் மட்டும் முன்போலவே துண்டிக்கப்பட்டது. அப்புறம் பந்தைப் பழைய இடத்தில் வைத்து, மின்சாரத்தைத் தனி பவர் பேங்கிலிருந்து கொடுத்தோம். இப்போது மவுஸ் அமைதியாகிவிட்டது. ஃபேன் அளவீடு மறுபடி குதிக்க ஆரம்பித்தது. பவர் பேங்கில் ஓடும்போது கீற்றுகள் சற்று மங்கியதும் கவனிக்க வேண்டியது. எதோடும் இணையாமல் தனித்து நிற்கும் மின்மூலத்தில் மின்னோட்டம் திரும்பிவர நல்ல வழி இல்லை. அதனால் கீற்று மெலிகிறது.

மவுஸ் கோளாறு வயர் வழியாக வந்தது. இந்தக் கேபினட்டில் முன்பக்க போர்ட்டுகள் இரண்டும் ஒரே மெல்லிய கேபிளில் மதர்போர்டுக்குப் போகின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லியாம்பியர். பந்தின் சர்க்யூட் அதைச் சீராக வாங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வெடுக்கென்று இழுத்து விடுகிறது. அந்த இழுப்பில் பக்கத்து போர்ட்டின் 5 வோல்ட்டும் ஆட்டம் காண்கிறது. அது ஒரு கணம் அளவுக்கு மீறித் தாழ்ந்தாலே மவுஸின் சில்லு ரீசெட் ஆகிவிடும்.

ஃபேன் கோளாறு காற்று வழியாக வந்தது. கணினி ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும் ஃபேன் நொடிக்கு 40 துடிப்புதான் தரும். அந்தத் துடிப்பு வயர், ஒரு மின்தடை மூலம் மேலே இழுத்துப் பிடிக்கப்பட்டு, ஃபேன் கீழே இழுக்கும்போது மட்டும் தாழும். வெளியிலிருந்து வரும் தொல்லைக்கு மிக எளிதாக இடம் கொடுக்கும் அமைப்பு இது.

எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு கணக்கு. பந்தில் 3,000 வோல்ட், 30 கிலோஹெர்ட்ஸ் என்று கொள்வோம். பந்துக்கும் அந்த வயருக்கும் இடையே வெறும் 1 பிக்கோஃபேரட் மின்தேக்கம் (கெபாசிட்டர் தன்மையின் அளவு) இருந்தால், அதன் வழியே பாயும் மின்னோட்டம் சுமார் 0.57 மில்லியாம்பியர். வயரைப் பிடித்திருக்கும் மின்தடை 10 கிலோ ஓம் என்றால், வயரில் 5 வோல்ட்டுக்கு மேல் ஏறி இறங்கும். இது உச்சக் கணக்குதான்; கண்ணாடிக்கு வெளியே கிடைப்பது மைய உருண்டையில் இருப்பதைவிடக் குறைவு. ஆனால் பத்தில் ஒரு பங்கு வந்தாலும் அரை வோல்ட். பந்தின் பின்னாலேயே ஃபேன் வயர் ஓடிக்கொண்டிருந்ததால், மதர்போர்டு பந்தின் துடிப்பையும் ஃபேனின் துடிப்பாக எண்ணிக்கொண்டது. 1 பிக்கோஃபேரட் என்பது சில சென்டிமீட்டர் தள்ளி ஓடும் ஒரு துண்டு வயருக்கே வந்துவிடக்கூடிய அளவு என்பதை நினைவில் வைத்தால், கேபினட்டுக்குள் பந்தை எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடலாம் என்ற எண்ணம் போய்விடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு வயர் ஃபேன்களின் கட்டளைத் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸ், அனுமதிக்கப்பட்ட எல்லை 21 முதல் 28 வரை. பந்தின் அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட அதே வட்டாரம். ஃபேன் வயர்களைப் பந்திலிருந்து விலக்கி வைக்க இது இன்னொரு காரணம்.

ஹெட்ஃபோன் இரைச்சலில் இரண்டு பங்கு இருந்தது. தொடர்ச்சியான இரைச்சல் பந்தின் அருகே கையைக் கொண்டுபோனால் மாறியது. புலம் நேரடியாக ஆடியோ கேபிளில் ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. 30 கிலோஹெர்ட்ஸ் காதுக்கு எட்டாது. ஆனால் கீற்றுகள் அலையும்போது அதன் வலு கூடிக் குறைகிறதே, அந்த ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டும். பொரிகிற சத்தத்துக்குக் காரணம் வேறு. அறையை முழு இருட்டாக்கிவிட்டுக் கூர்ந்து பார்த்தபோது, குரோம் டேப்பின் ஒரு மூலையில் ஊசிமுனை அளவு நீலப் பொறி தெரிந்தது.

அந்த டேப் எதோடும் இணையாத உலோகப்படலம். பந்தின் புலத்தில் அது மின்னேற்றம் பெறுகிறது. பக்கத்தில் இருக்கும் கேபினட் இரும்புக்கு மெல்லிய இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. பொறி என்பது எல்லா அதிர்வெண்ணிலும் சத்தம் போடும் சின்ன வானொலி நிலையம். பிளாஸ்மா பந்தின் அருகே உலோகம் இருக்கக்கூடாது என்று பலரும் பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை இப்படித் திருத்துவேன்: எர்த் ஆகாத உலோகம் இருக்கக்கூடாது. ஒழுங்காக எர்த் ஆன உலோகம், போதிய இடைவெளியோடு இருந்தால், அதுதான் இந்த வேலையில் நமக்குத் துணை.

மறுகட்டுமானம்

இடத்தை மாற்றவில்லை. 5.25 அங்குல அறை ஒன்றின் அகலம் 146 மி.மீ, உயரம் சுமார் 41.4 மி.மீ. மூன்றும் சேர்ந்தால் உயரம் 124 மி.மீ. 3 அங்குலப் பந்தின் விட்டம் 76 மி.மீ. நடுவில் வைத்தால் மேலும் கீழும் 24 மி.மீ, பக்கவாட்டில் 35 மி.மீ இடைவெளி கிடைக்கும். அடித்தளத்தோடு நிமிர்த்தி வைக்க உயரம் போதாது. ஆகவே படுக்கை வசம்தான், அடித்தளம் உட்புறம், பந்து வெளிப்புறம். அடித்தளத்தைப் பிரித்துச் சர்க்யூட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாமே என்று நண்பர் கேட்டார். கூடாது. மையத்துக்குப் போகும் உயர் அழுத்த வயர் நீளும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் இன்னொரு ஆன்டெனா. அதோடு அது கூட்டும் மின்தேக்கம் சர்க்யூட்டின் ஒத்ததிர்வையும் குலைத்து, கீற்றை மங்கவைத்து, டிரான்சிஸ்டரைச் சூடேற்றும். பந்தின் கழுத்துக் கண்ணாடி உடையக்கூடியதும்கூட.

அறையின் நான்கு சுவர்களிலும் பின்புறத்திலும் பித்தளைக் கம்பி வலை விரித்தோம். பின்புற வலையில் அடித்தளம் நுழைய ஒரு வட்டத் துளை. 30 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 10 கிலோமீட்டர். அந்த அளவுக்கு முன்னால் வலைக்கண் 2 மி.மீயா 5 மி.மீயா என்பது பெரிய விஷயமே இல்லை. வலை எங்கும் தொடர்ச்சியாக இருப்பதும், எர்த் உறுதியாக இருப்பதும்தான் முக்கியம். அங்கேதான் எல்லாரும் கவனிக்கத் தவறும் சங்கதி இருக்கிறது: பெயின்ட். கேபினட்டின் இரும்பு முழுக்கப் பெயின்ட் பூசியது. வலையை அதன்மேல் திருகி வைத்தால் கண்ணுக்கு இணைந்த மாதிரி இருக்கும், மின்சாரத்துக்கு இணைந்திருக்காது. திருகு இறங்கும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கினோம். மல்டிமீட்டரில் வலைக்கும் பவர் சப்ளையின் உடலுக்கும் இடையே ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். வந்தது. நிறமேற்றிய அலுமினியக் கேபினட் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அந்தப் பூச்சும் மின்கடத்தாது.

அடுத்தது, வலைக்கும் பந்தின் சர்க்யூட்டுக்கும் நேரடி இணைப்பு. பந்திலிருந்து கிளம்பும் மின்னோட்டம் வலையில் இறங்கியபின் சர்க்யூட்டின் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். குறுக்குவழி கொடுக்காவிட்டால் அது மதர்போர்டின் கிரவுண்டு, பவர் சப்ளை வயர் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பும். கீற்றுகள் தாவும்போது எழும் கூரிய துடிப்புகளில் மெகாஹெர்ட்ஸ் வரை போகும் அதிர்வெண்கள் உண்டு. அவற்றுக்கு ஒரு சாண் வயர்கூடப் பெரிய தடை. எனவே அடித்தளத்துக்குள் நுழையும் இடத்திலேயே, எதிர்முனை வயரிலிருந்து வலைக்கு அகலமான பின்னல் கம்பி ஒன்றை விரல் நீளத்துக்கும் குறைவாக இணைத்தோம். மறுகட்டுமானத்தில் எது அதிகப் பலன் தந்தது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வலை எல்லாருக்கும் தோன்றும். திரும்பும் பாதை தோன்றுவதில்லை.

மின்சாரம் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து அறவே விலக்கப்பட்டது. பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் நான்கு முனை மோலக்ஸ் பிளக்கில் சிவப்பு வயர் 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. யுஎஸ்பி பந்துக்குச் சிவப்பு. மாற்றிக் கொடுத்தால் பந்தின் சர்க்யூட் புகைந்துவிடலாம். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெரிய பந்துகளுக்கு மஞ்சள். ஆனால் அடாப்டரின் முத்திரையில் நேர்மின்சாரம்தானா, நடுமுனை நேரா எதிரா என்று படித்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பந்துகள் கேபினட்டுக்குள் வரவே கூடாது. இதில் விதிவிலக்குக்கு இடமில்லை.

சிவப்பு வயரில் முதலில் 1 ஆம்பியர் ஃபியூஸ். பவர் சப்ளையின் 5 வோல்ட் கம்பி பத்து இருபது ஆம்பியர் தரவல்லது. மெல்லிய வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அது உருகும்வரை பவர் சப்ளை அசையாமல் மின்சாரம் தந்துகொண்டிருக்கலாம். ஃபியூஸுக்குப் பின் 100 மைக்ரோஹென்ரி சுருள், அதன் பிறகு 1,000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். இந்த இரண்டும் சேர்ந்த வடிகட்டியின் எல்லை 500 ஹெர்ட்ஸ் சுமார். 30 கிலோஹெர்ட்ஸ் அதைவிட அறுபது மடங்கு மேலே இருப்பதால் பந்தின் வெடுக் இழுப்பு அங்கேயே அடங்கிவிடும். சுருள் பந்தின் மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும். வயரில் மாட்டும் ஃபெரைட் உருளை போதாதா என்றால், போதாது. அது மெகாஹெர்ட்ஸ் தொல்லைக்கு நல்லது, 30 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. கூடுதலாக ஒன்று மாட்டினோம், அவ்வளவுதான்.

பந்துக்குத் தனி சுவிட்ச். கணினி துவங்கி, யுஎஸ்பி கருவிகள் எல்லாம் அடையாளம் காணப்பட்ட பிறகு பந்தை எரியவிடுவது நல்லது. கணினியை அணைத்தால் பந்தும் தானே அணையும்.

கேபிள்களை இடம் மாற்றியது சலிப்பான வேலை, ஆனால் தேவையானது. முன்பக்க ஆடியோ கேபிளும் யுஎஸ்பி கேபிளும் அறையின் சுவரை ஒட்டி ஓடின. அவற்றை மதர்போர்டு தட்டின் மறுபுறத்துக்கு, இரும்புக்குப் பின்னால் கொண்டுபோனோம். ஃபேன் வயரும் அப்படியே. குரோம் டேப் உரித்தெடுக்கப்பட்டது.

எர்த் வரைந்த சித்திரம்

பந்தைப் படுக்க வைத்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. கீற்றுகள் சூடான வாயுப்பாதைகள் என்பதால் மேல்நோக்கி மிதக்கும். நிமிர்ந்த பந்தில் இது எல்லாத் திசையிலும் சமமாக அமைந்து அழகாக விரியும். படுத்த பந்தில் எல்லாம் கூரையை நோக்கி வளையும். போதாததற்குக் கூரை வலை 24 மி.மீ தூரத்திலும் பக்க வலை 35 மி.மீயிலும் இருக்க, மின்புலமும் கூரையையும் தரையையும்தான் விரும்பியது. முன்னாலிருந்து பார்ப்பவருக்கு வெறும் தலைமயிர் சிலிர்த்த மாதிரி இருந்தது.

தொல்லையை அடக்கும் எர்த் உலோகமே கீற்றின் திசையையும் நிர்ணயிக்கிறது என்றால், அதை வைத்தே வரையலாம் அல்லவா? அக்ரிலிக் தகட்டின் சட்டத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாதபடி, 100 மி.மீ விட்டத்தில் தடித்த செம்புக் கம்பி வளையம் ஒன்றை வைத்து வலையோடு இணைத்தோம். பந்தின் முன்முகத்துக்குச் சற்று முன்னால், கண்ணாடியைத் தொடாமல். கீற்றுகளில் பாதி உடனே முன்னோக்கித் திரும்பி, வளையத்தின் சுற்றளவெங்கும் கைநீட்டத் தொடங்கின. வளையத்தைச் சில மில்லிமீட்டர் முன்பின் நகர்த்தினால் கீற்றின் எண்ணிக்கையும் தடிமனும் மாறுகிறது. அருகே வந்தால் சில தடித்த கீற்றுகள். விலகினால் பல மெல்லியவை. நாங்கள் மெல்லியதைத் தேர்ந்தோம். இந்தப் பகுதியில் இருவரும் வேண்டிய அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டோம், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அலங்காரம் என்று தொடங்கிய வேலை அலங்காரமாக ஆனது இங்கேதான்.

வளையத்துக்கு இரண்டு நிபந்தனைகள். கம்பியின் இரு நுனியும் சால்டர் வைத்து மூடப்பட வேண்டும். கூரிய நுனி காற்றிலேயே மின்கசிவை உண்டாக்கி ஓசோனைக் கூட்டும். கண்ணாடியைத் தொடவும் கூடாது. தொட்டால் கீற்று அந்த ஒரே புள்ளியில் நிலைத்து நின்று கண்ணாடியைச் சூடாக்கும், விரிசல்கூட விடலாம்.

உட்சுவருக்கு மங்கலான கறுப்பு. வலை மின்னுவதால் அதன்மேல் மெல்லிய கறுப்புத் துணி விரித்தோம். கீற்றின் ஒளி மிகக் குறைவு. பின்னால் பளபளப்பு இருந்தால் கண் அதைத்தான் பார்க்கும். புகைநிற அக்ரிலிக் பார்க்க நன்றாக இருந்தாலும் கீற்றைப் பாதி விழுங்கிவிடும். தெளிந்த தகடே சரி. கேபினட்டின் மற்ற வண்ண விளக்குகளை நண்பர் மிகவும் குறைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே நேரத்தில் முழுப் பொலிவோடு இருந்தால் பந்து தோற்றுப்போகும்.

சரிபார்ப்பு

கையில் பழைய மத்திய அலை வானொலிப் பெட்டி இருந்தால் அதைவிட மலிவான கருவி இல்லை. 30 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை வரிசையாக விழும். நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக் கேபினட்டைச் சுற்றி நகர்த்தினால் எந்த இடத்தில் கசிவு என்று காதே சொல்லிவிடும். பின்புறமும் பக்கங்களும் நன்றாக அடங்கியிருந்தன. பக்கச் சுவரில் ஒரு திருகு இறுகாதது இப்படித்தான் பிடிபட்டது. முன்புறம் எதிர்பார்த்தபடி சத்தம். அங்கே வலை இல்லையே.

ஆசிலோஸ்கோப்பில் 5 வோல்ட் கம்பியின் சிற்றலை, கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதி அனுமதிக்கும் 50 மில்லிவோல்ட்டுக்குள் வசதியாக அடங்கியது. ஃபேன் வேகம் நிலையானது. பென் டிரைவில் பெரிய கோப்புகளை நகலெடுத்து, இரு நகல்களின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டோம், பொருந்தின. மவுஸ் துண்டிப்பு பற்றி இயங்குதளத்தின் பதிவேட்டில் புதிதாக எதுவும் இல்லை. ஹெட்ஃபோனை முழு ஒலியில் வைத்துக் கேட்டால், கவனித்துக் கேட்பவருக்கு மட்டும் மெலிந்த ஓர் இரைச்சல். பாட்டு ஓடும்போது தெரியாது.

மைக் அப்படி இல்லை. முன்பக்க மைக் துளையில் செருகினால் இரைச்சல் இன்னும் பதிவாகிறது. மைக்கிலிருந்து வரும் சிக்னல் மில்லிவோல்ட் அளவு, அதை மதர்போர்டு பல மடங்கு பெருக்குகிறது. வளையமும் திறந்த முன்முகமும் அதற்கு அருகிலேயே இருக்கின்றன. நண்பர் குரல் பதிவுக்குத் தனி யுஎஸ்பி மைக்கைப் பின்பக்க போர்ட்டில் பயன்படுத்துகிறார். அதில் தொல்லை இல்லை.

உடம்பு, காற்று, சூடு

பந்தைத் தொட்டு விளையாட வேண்டுமா என்பது இந்த நிகழ்வில் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. மேசைமேல் இருக்கும் பந்தைத் தொடுவதும் கணினியின் முகப்பில் இருக்கும் பந்தைத் தொடுவதும் ஒன்றல்ல. ஒரு கை கண்ணாடியில் இருக்கும்போது உடம்பே உயர் அதிர்வெண் மின்னழுத்தம் ஏறிய கடத்தி. இன்னொரு கை யுஎஸ்பி போர்ட்டின் உலோகத்தையோ கேபினட்டையோ தொட்டால் சுருக்கென்று சின்னச் சூடு. அந்தப் பொறி விரலைவிடப் போர்ட்டுக்குத்தான் கெடுதல். அதனால் அக்ரிலிக் தகடு நிரந்தரமாகத் திருகி மூடப்பட்டது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இத்தகைய பந்துகளிலிருந்து விலகி இருக்கச் சொல்வது வழக்கமான எச்சரிக்கை. முகப்பில் பந்து உள்ள கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் வைப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூடிய அறையில் ஓசோன் சேரும். மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும் வாயு அது, அதனால் மணமே நல்ல எச்சரிக்கை. ஓசோன் பட்டால் இயற்கை ரப்பர் விரிசல் விடும். பந்து அறையில் இருந்த ரப்பர் தாங்கிகளை எடுத்துவிட்டு சிலிகான் போட்டோம். வலைச் சுவர் காற்றைத் தடுக்காது. கேபினட்டின் இயல்பான காற்றோட்டம் அறைவழியாகவும் போகிறது. அதே காற்று அடித்தளத்தின் டிரான்சிஸ்டரையும் குளிரவைக்கிறது. ஆனாலும் பந்தை நாள் முழுக்க எரியவிடுவது சரியல்ல. அடித்தளத்தைத் தொட்டுப் பார்த்து, கை வைக்கச் சங்கடமாக இருந்தால் அணைத்துவிட வேண்டும்.

தூசி எதிர்பார்த்ததைவிட அதிகம் ஒட்டுகிறது. புலம் தூசியை இழுக்கும், ஃபேன் கொண்டுவந்து கொடுக்கும். கணினியை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த மென்துணியால் நண்பர் கண்ணாடியைத் துடைக்கிறார். ஈரத்துணி வேண்டாம், ஈரப்படலம் கண்ணாடிமேல் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கீற்றை மங்கவைக்கும்.

வேறு கேபினட்டுகளுக்கு

இன்றைய கேபினட்டுகள் பெரும்பாலானவற்றில் டிவிடி அறைகள் இருப்பதில்லை. பலவற்றில் பக்கச் சுவரே கண்ணாடி. மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் தெரியும் அந்த அறையில், நடுவே பந்தைத் தொங்கவிட்ட படங்கள் அழகாக இருக்கும். மேலே சொன்ன கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் நான் ஏன் அதைப் பரிந்துரைக்க மாட்டேன் என்று புரியும். அங்கே பந்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மெல்லிய சிக்னல் வயர். வலை போட்டால் கண்ணாடிக் கேபினட்டின் நோக்கமே போய்விடும்.

அப்படிப்பட்ட கேபினட்டுக்கு நான் சொல்வது கூரை. 6 அங்குலம், 8 அங்குலப் பந்துகளுக்கும் அங்கேதான் இடம் போதும். கூரையின் இரும்புத் தகடே எர்த் ஆன தரையாகி, கீழே இருப்பவற்றைப் பெருமளவு காக்கும். பந்து நிமிர்ந்து நிற்பதால் கீற்றும் சமமாக விரியும். கூரையில் காற்றுத் துளைகள் பெரிதாக இருந்தால் அவற்றின்மேல் மட்டும் வலை. 12 வோல்ட் வயர், ஃபியூஸ், வடிகட்டி, சர்க்யூட் அருகே பின்னல் கம்பி எல்லாம் இதே மாதிரிதான். முன்பக்கப் பவர் பட்டன் தொடு உணர்வு வகையாக இருந்தால் பந்தைக் கூரையின் பின்பாதிக்குத் தள்ள வேண்டும். அந்தப் பட்டன்கள் விரலின் மின்தேக்கத்தை உணர்ந்துதான் வேலை செய்கின்றன. பந்தின் புலத்தை விரலாக எண்ணிக் கணினியை அணைத்துவிட வாய்ப்புண்டு. வை-ஃபை ஆன்டெனா பின்னால் இருக்குமாதலால், பந்தை அதன்மேல் சாய்த்து வைக்காமல் எதிர் மூலைக்குக் கொண்டுபோவது போதும்.